குழந்தை ஏன் மெலிகிறது?

காரைக்கால் என்றதும் தமிழர் நெஞ்சில் தோன்றுவது, எலும்பும் நரம்புமாய் நின்று இறைவனைப் பாடிய அம்மையாரின் திருவுருவம். அவ்வுருவை அம்மையார் தாமே வேண்டிப் பெற்றார். நம் வீட்டுக் குழந்தை அவ்வாறு வேண்டியா மெலிகிறது? வயிற்றை வலிக்கிறது என்று சோற்றைத் தள்ளிவிட்டு, மாதத்துக்கு மாதம் தேயும் குழந்தையைக் கண்டால், மாந்தம் என்றும் குடலேற்றம் என்றும் கண்ணேறு என்றும் பெயரிட்டு நாம் அமைதி அடைந்துவிடுகிறோம். பெயர் வைத்ததனால் நோய் போய்விடுவதில்லை.

ஆரவாரத்துடன் வரும் நோயை நாம் உடனே கவனிக்கிறோம். 2022-ஆம் ஆண்டு ஜூலை மாதம் காரைக்காலில் வயிற்றுப்போக்கும் காலராவும் பரவியபோது, பொதுச் சுகாதார அவசரநிலை பிரகடனமாயிற்று, பள்ளிகள் மூடப்பட்டன. ஆனால், ஓசையின்றி வந்து குழந்தையின் சதையைக் கரைக்கும் நோய்களுக்கு அவசரநிலை பிரகடனம் செய்வார் எவருமில்லை. அப்பொறுப்பு பெற்றோருடையதே.

அவற்றுள் மிகச் சாதாரணமானது குடற்புழு. காவிரிக் கடைமடையின் ஈரமண், கொக்கிப் புழுவின் குஞ்சுகளுக்கு இதமான தொட்டில். திறந்த வெளியில் மலங்கழித்த இடத்தில் வளரும் அவை, வெறுங்காலின் தோலைத் துளைத்து உட்புகுந்து, குடலை அடைந்து இரத்தத்தை உறிஞ்சுகின்றன, குழந்தை வெளுத்துப்போகிறது. நாக்குப் பூச்சியின் முட்டையோ, கழுவாத கையினாலும் காய்கறியினாலும் வாய்வழியே சேர்கிறது. பிப்ரவரி 10-ஆம் நாள் தேசியக் குடற்புழு நீக்க நாள். 2015-இல் தொடங்கிய இத்திட்டத்தில், 1 முதல் 19 வயது வரை உள்ளோர்க்குப் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் அல்பெண்டசோல் மாத்திரை இலவசமாகக் கொடுக்கப்படுகிறது. ஆயினும், காலில் செருப்பும் கைக்குச் சோப்பும் இல்லையேல் பூச்சி மறுபடியும் வந்து சேரும்.

மெலிவுக்கெல்லாம் பூச்சியே காரணம் என்று எண்ணிவிடலாகாது. மாலைதோறும் இளஞ்சூடு, இரவில் வியர்வை, வயிறு உப்புதல், வீட்டில் நெடுநாளாக இருமும் ஒருவர்: இவை சேர்ந்திருப்பின் க்ஷயமோ என்று ஐயுற வேண்டும். க்ஷயம் நுரையீரலை மட்டுமன்றிக் குடலையும் பற்றும். வழக்கமாக 6 மாத மருந்தில் குணமாகும் இந்நோய்க்கு அரசாங்க மருத்துவமனைகளில் சிகிச்சை இலவசம். அசுத்த நீரால் வரும் ஜியார்டியா என்னும் கிருமியும் நாள்பட்ட பேதியை உண்டாக்கிக் குழந்தையை இளைக்கச் செய்யும்.

எல்லாவற்றினும் அவசரமானது வேறொன்று. நன்றாக உண்டும் மெலிதல், அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், படுக்கையை நனைப்பதை விட்டுவிட்ட குழந்தை மீண்டும் நனைத்தல் ஆகியவை நீரிழிவின் குறிகள். நீரிழிவு பெரியவர்களின் வியாதி என்று ஏமாறலாகாது. கணையம் இன்சுலின் சுரப்பது நின்றுபோவதால் சிறு குழந்தைக்கும் இது வரும். அப்போது உடல் தன் கொழுப்பையே எரிக்கத் தொடங்க, இரத்தத்தில் அமிலம் பெருகி, வாந்தியும் கடும் வயிற்று வலியும் பெருமூச்சும் தோன்றும். விளக்கெண்ணெய் கொடுத்தும் வயிற்றைத் தடவியும் கழிக்கும் ஒவ்வொரு நாழிகையும் உயிருக்கு ஆபத்து. விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துச் சர்க்கரையைச் சோதிக்கச் சில விநாடிகளே வேண்டும்.

ஒரு காலத்தில் இவ்வியாதிக்கு மருந்தே இல்லை. 1922-ஆம் ஆண்டு ஜனவரியில், கானடா தேசத்து டொரன்டோ நகர மருத்துவமனையில், லெனர்ட் தாம்ஸன் என்னும் 14 வயதுச் சிறுவன் 30 கிலோ எடையும் இன்றி எலும்புக்கூடாய்க் கிடந்தான். பாண்டிங், பெஸ்ட் முதலியோர் கண்ட இன்சுலின் அவனுக்கே முதன்முதல் செலுத்தப்பட்டது. அதன்பின் அவன் 13 ஆண்டுகள் வாழ்ந்தான். அன்று உலகில் ஒரு சிறுவனுக்குக் கிட்டிய அம்மருந்து இன்று நம் ஊர்களிலும் உள்ளது. காலத்தில் நோயைக் கண்டுகொள்வதே நாம் செய்யவேண்டியது.

ஆகவே தாய்மார்கள் மாதம் ஒருமுறை குழந்தையின் எடையைப் பார்த்து நாட்காட்டியில் குறித்து வைப்பாராக. வளரும் பிள்ளையின் எடை ஏறாமல் நிற்பது எச்சரிக்கை, இறங்குவது அபாயம். எடை இறங்கினால் தாமதியாமல் வைத்தியரிடம் காட்டவேண்டும். தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, மலத்தில் இரத்தம், பச்சை நிற வாந்தி, வயிற்றின் வலப்பக்கக் கீழ்ப்புறத்தில் நிலைத்து நிற்கும் வலி, தாகத்துடன் கூடிய மெலிவு ஆகியவற்றில் ஒன்று கண்டாலும், பொழுது விடியட்டும் என்று காத்திராமல் அப்பொழுதே மருத்துவமனைக்குப் புறப்படவேண்டும். திருஷ்டி கழிப்பதைத் திரும்பி வந்தபின் வைத்துக்கொள்ளலாம்.