சிறு காரியாலயம், பெரும் பணி

நூதனசாலைகளுக்கும் கலை நிறுவனங்களுக்கும் நூல்களை வடிவமைத்துக் கொடுப்பது பெரும் முதலும் ஏராளமான ஊழியர்களும் உள்ளவர்களால் மட்டுமே முடிந்த தொழில் என்று நம்மில் பலர் எண்ணுகின்றோம். இது சரிதானா? ஒல்லாந்து நாட்டுப் பெண்மணி ஒருவரின் தொழில் அனுபவத்தைச் சற்று நோக்குவோம்.

இர்மா போம் 1960ஆம் ஆண்டு லொக்கெம் என்னும் சிற்றூரில் பிறந்தவர். ஓவியம் பயிலச் சென்ற இடத்தில் அவரது மனம் நூல் வடிவமைப்பின்பால் திரும்பியது. ஹேக் நகரில் அரசாங்க அச்சுப் பதிப்பகத்தில் சில வருடங்கள் வேலை பார்த்தபின், 1991ல் அம்ஸ்டர்டாமில் சொந்தமாக ஒரு காரியாலயத்தை ஆரம்பித்தார். உலகப் புகழ் பெற்ற பின்னரும் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரையே உடன் வைத்துக்கொண்டார்.

இத்தொழிலில் வரைவது பாதி வேலைதான். ஒரு கண்காட்சி நூலை எடுத்துக்கொள்வோம். எழுத்தாளரிடமிருந்து கட்டுரை வரவேண்டும். படங்களின் உரிமையாளர் அனுமதி தரவேண்டும். கடதாசி தெரிவாக வேண்டும். ஒப்புநோக்கி, அச்சிட்டு, கட்டி முடிக்க வேண்டும். ஒருவர் பிந்தினால் அனைவரும் பிந்துவர்; கண்காட்சியின் திறப்பு நாளோ எவருக்காகவும் காத்திராது. ஆகவே திகதி, செலவு, பொறுப்பு ஆகியவற்றை ஆரம்பத்திலேயே எழுதி வைத்து, நாள்தோறும் கவனித்து வருவதும் வடிவமைப்பாளரின் கடமையாகின்றது.

எஸ்.எச்.வி. என்ற ஒல்லாந்து வர்த்தக நிறுவனம் தனது நூற்றாண்டுக்காக ஒரு நூல் கேட்டது. இர்மா, வரலாற்றாசிரியர் ஒருவருடன் சேர்ந்து அதற்காக 5 வருடங்கள் உழைத்தார். 1996ல் வெளிவந்த அந்நூலில் 2,136 பக்கங்கள். ஆனால் பக்க இலக்கங்கள் இல்லை! தேடிச் செல்பவர் வழியில் வேறொன்றையும் கண்டடைய வேண்டும் என்பதே நோக்கம்.

நெசவுக் கலைஞர் ஷீலா ஹிக்ஸ் பற்றி 2006ல் வெளியான நூலில், தாள்களின் ஓரங்களையே துணியின் கரைபோலச் சொரசொரப்பாக்கினார். நூலைத் தொட்டவுடனேயே நெசவின் நினைவு வரும். எந்த நூலுக்கும் முதலில் கைக்கு அடக்கமான ஒரு சிறு மாதிரியைச் செய்து பார்ப்பது அவரது வழக்கம். காசும் கடதாசியும் வீணாகுமுன் குறை தெரிந்துவிடும் அல்லவா?

கண்டனமும் வராமலில்லை. அம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் நூதனசாலைக்கு 2012ல் அவர் அமைத்த இலச்சினையில், ஒரே சொல்லான அப்பெயரை இடைவெளி விட்டு எழுதியிருந்தார். மொழி தெரியாதவரா என்று பலர் குறை கூறினர். ஆயினும் 2013ல் நூதனசாலை மீளத் திறக்கப்பட்டபோது அவ்விலச்சினையே நிலைத்தது. 2001ல் குட்டன்பேர்க் பரிசும், 2014ல் ஒல்லாந்து அரசின் யொஹானெஸ் வெர்மீர் பரிசும் அவரைத் தேடி வந்தன.

காரியாலயம் பெருத்தால், சம்பளம் கொடுப்பதற்காகவே கிடைக்கும் வேலையையெல்லாம் ஏற்க நேரிடும். சிறிதாயிருந்தால் 'இது எனக்குரிய வேலையல்ல' என்று சொல்லும் உரிமை நம் கையில் இருக்கும். ஒரு நூலுக்கு 5 வருடங்களைக் கொடுப்பதற்கும் அந்த உரிமை வேண்டும்.

சகோதரிகளே! கைத்திறமை உள்ள பெண்பிள்ளை வீட்டில் இருந்தால் அவளுக்கு வரையக் கற்றுக்கொடுப்பதோடு நின்றுவிடாதீர்கள். வேலையை ஏற்குமுன் கூலியையும் திகதியையும் எழுத்தில் பெறவும், ஒப்புக்கொண்ட நாளில் கொடுக்கவும், இயலாததை முகம் கோணாமல் மறுக்கவும் பழக்குங்கள். திறமை வேலையைக் கொண்டுவரும். அதைக் கையில் நிலைக்கச் செய்வது ஒழுங்குதான்.