மரவள்ளி நிலங்களில் உரமும் ஊட்டச்சத்தும்

சேலம், நாமக்கல் சமவெளிகளில் சவ்வரிசி, ஸ்டார்ச் ஆலைகளுக்காக மரவள்ளி பெருமளவில் பயிரிடப்படுகிறது. இந்நிலங்களில் இடப்படும் உரம் மண்ணில் சத்தைச் சேர்ப்பதோடு, ஏற்கெனவே உள்ள சத்துகள் வேருக்குக் கிடைக்கும் அளவையும் மாற்றுகிறது.

உரத் தேவை

கிழங்கில் மாவுச்சத்து சேரச் சாம்பல் சத்து இன்றியமையாதது. ஒவ்வோர் அறுவடையிலும் இச்சத்து கிழங்குடன் வயலைவிட்டு வெளியேறுகிறது. எனவே பாசனப் பயிருக்கு எக்டேருக்கு 25 டன் தொழு உரத்துடன் தழைச்சத்து 90, மணிச்சத்து 90, சாம்பல் சத்து 240 கிலோ எனத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைத்துள்ளது. தழை, சாம்பல் சத்துகளில் பாதி அடியுரமாகவும் மீதி 90ஆம் நாளில் மேலுரமாகவும் இடப்படுகின்றன.

கிடைக்காத சத்துகள்

சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்பும் துத்தநாகமும் இருந்தாலும், காரத்தன்மையால் அவை எளிதில் கரைவதில்லை. மணிச்சத்தை அளவுக்கு மீறி இட்டால் துத்தநாகக் குறைபாடு மேலும் கூடும். நாமக்கல் முட்டைக்கோழிப் பண்ணைகளின் எருவில் தழைச்சத்துடன் மணிச்சத்தும், தீவனத்திலிருந்து வரும் சுண்ணாம்புச் சத்தும் மிகுதி. ஆகவே அதையும் உரக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அறிகுறியும் தீர்வும்

தழைச்சத்து குறைந்தால் முதிர்ந்த இலைகள் முதலில் மஞ்சளாகும். இரும்பு குறைந்தால் இளம் இலைகள் வெளிறும். இரண்டையும் ஒன்றெனக் கருதி யூரியா இடுவதால் பணம்தான் வீணாகும். மண் பரிசோதனைக்குப் பின் இரும்பு சல்பேட், துத்தநாக சல்பேட் கரைசல்களை இலைவழியே தெளிப்பது மண்ணின் தடையைத் தவிர்க்கிறது. மட்கிய தொழு உரம் இச்சத்துகளைக் கரையும் நிலையில் வைத்திருக்க உதவுகிறது.