ஆறுநாட்டார் மலையில் ஒரு வம்சாவளி

கரூரிலிருந்து பரமத்திவேலூர் போகும் வழியில், காவிரிக்குத் தென்கரையில் வேலாயுதம்பாளையம். ஊரை ஒட்டிய ஆறுநாட்டார் மலையில் முருகன் கோயில் இருக்கிறது. அங்கேயே இயற்கையாக அமைந்த குகைகளும் உண்டு. சமண முனிவர்கள் படுப்பதற்காகப் பாறையை வழவழப்பாகச் செதுக்கி, தலைமாட்டில் தலையணைபோல ஒரு மேடும் விட்டிருக்கிறார்கள். அருகே தமிழ்ப் பிராமி எழுத்தில் சில வரிகள்.

அந்த வரிகள் சொல்வது இவ்வளவுதான். கோ ஆதன் சேல்லிரும்பொறையின் மகன் பெருங்கடுங்கோ; அவர் மகன் இளங்கடுங்கோ. இந்த இளங்கடுங்கோவுக்கு இளவரசுப் பட்டம் கட்டியபோது, யாற்றூர் செங்காயபன் என்ற முதிய சமணர் தங்குவதற்காக வெட்டிக் கொடுத்த கல் இது. போரும் இல்லை, புகழுரையும் இல்லை. ஒரு துறவிக்குப் படுக்கை செய்தவர்கள், போகிற போக்கில் ஓர் அரச குடும்பத்தின் மூன்று தலைமுறையைப் பொறித்துவிட்டார்கள்!

ஐஏஎஸ் அதிகாரியாக இருந்த கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் 1960களில் இதைச் சேர மன்னர்களைப் பாடும் சங்க நூலான பதிற்றுப்பத்தோடு பொருத்திப் பார்த்தார். அந்த நூலின் ஏழாம் பத்தின் தலைவன் செல்வக்கடுங்கோ வாழியாதன். எட்டாம் பத்து தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறைக்கு, ஒன்பதாம் பத்து இளஞ்சேரல் இரும்பொறைக்கு. ஆதன், பெரும், இளம் என்று கல்லில் உள்ள அதே வரிசை. பொறிப்பின் காலம் சுமார் கி.பி. 2ஆம் நூற்றாண்டு. ஏட்டில் வந்த பாட்டும் மலையில் கிடந்த கல்லும் ஒன்றையொன்று அறியாமலே ஒரே குடும்பத்துக்குச் சாட்சி சொல்கின்றன.

ஓர் இடத்தில் மட்டும் இடிக்கிறது. ஒன்பதாம் பத்தோடு வரும் பதிகம் என்ற குறிப்புப் பாட்டு, இளஞ்சேரலின் தந்தை குட்டுவன் இரும்பொறை என்கிறது. கல்லிலோ இளங்கடுங்கோ பெருங்கடுங்கோவின் மகன். ஆய்வாளர்கள் இதைப் பலவாறு விளக்குகிறார்கள். பதிகங்கள் பாட்டுகளுக்குப் பின்னால் சேர்ந்தவை என்பது பலர் கருத்து. அதனால் அந்தக் காலத்திலேயே வெட்டிய கல்லைத்தான் நான் கூடுதலாக நம்புவேன்.

ஏழாம் பத்தைப் பாடிய கபிலரே புறநானூற்றின் 201ஆம் பாட்டில் வேளிர் தலைவன் இருங்கோவேளின் குலக்கதையையும் சொல்கிறார். வடபால் முனிவர் ஒருவரின் ஓமகுண்டத்தில் தோன்றி, துவரையை ஆண்டவர்களின் வழியில் 49ஆம் தலைமுறையாம். ராஜஸ்தானத்து அபு மலையிலும் இப்படி ஒரு கதை வழங்குகிறது: பரமாரர், சௌகான், சோலங்கி, பிரதிகாரர் என்ற நான்கு ராஜபுத்திரக் குலங்களும் வேள்வித்தீயில் பிறந்தவை என்று. ஆனால் பிரதிகார மன்னர் மிகிர போஜரின் 9ஆம் நூற்றாண்டுக் குவாலியர்க் கல்வெட்டு, தங்கள் குலத்தை ராமன் தம்பி இலக்குவனோடு சேர்க்கிறது. அதில் தீயில் பிறந்த கதை இல்லை. பெருமைக்காகச் சொல்லும் மரபு காலத்துக்குக் காலம் மாறிக்கொள்ளும். ஆறுநாட்டார் மலைப் பொறிப்பு தாத்தா, மகன், பேரனோடு நின்றுவிடுகிறது. அதுதான் அதன் பலம்.

சேரரின் இந்த இரும்பொறைக் கிளை கொங்கு நாட்டில் வேரூன்றியதற்குக் காரணம் வணிக வழிதான். மேற்குக் கடற்கரையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியே வந்த வணிகம், வெள்ளலூர்ப் பக்கமாக நொய்யலையொட்டிக் கொடுமணலைத் தொட்டுக் கரூருக்குப் போனது. வெள்ளலூரில் ரோமானியக் காசுகள் புதையலாகவே கிடைத்தன. கொடுமணலில் மணிக்கற்களை அறுத்துத் துளையிட்ட பட்டறைகளை அகழாய்வு காட்டியது. கிரேக்கப் புவியியலாளர் தாலமி, சேர அரசரின் இருக்கை கரூரா என்று 2ஆம் நூற்றாண்டில் எழுதி வைத்தார். சேரர் தலைநகரான வஞ்சி கரூரா, கொடுங்கல்லூரா என்ற வாதம் இருந்தாலும், பொறையர்கள் இங்கே ஆண்டதற்குக் கரூரின் அமராவதி ஆற்றுமணலும் சான்று தருகிறது. அங்கே கிடைத்த காசுகளில் கொல்லிப்பொறை, மாக்கோதை என்ற பெயர்கள் தெளிவாக இருக்கின்றன. மாக்கோதை காசில் ரோமானியக் காசுகளைப் பார்த்துச் செய்ததுபோல் அரசரின் தலையும் உண்டு. பழைய நகரம் இன்றைய கரூர் வீடுகளுக்கு அடியில் கிடக்கிறது. அங்கே அகழாய்வாளர்கள் குழி போடக் கிடைக்கும் இடம் மிகக் குறைவு.