மீன் தொட்டியில் விழுந்த கீறல்

மாணவர்களே, கண்ணாடி மீன் தொட்டியில் விழுந்த கீறலைப் போக்க இயலுமா என்பது பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். இஃது ஒரு பேசத்தக்க பொருளா என்று நீங்கள் நகைக்கக்கூடும். செங்கற்பட்டில் நான் தலைமையாசிரியனாக இருந்தபோது, இத்தகைய கீறலின் பொருட்டு ஒரு மாணவனை வகுப்பார் அனைவர் முன்னிலையிலும் கடிந்துகொண்டேன். குற்றம் அவனுடையதன்று என்பது பின்னரே எனக்கு விளங்கிற்று. ஆதலால் எனக்கு இது சிறு பொருளன்று.

அது 1996ஆம் ஆண்டு. எங்கள் விஞ்ஞானக் கூடத்தில் 90 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகலமும் உள்ள தொட்டி ஒன்று இருந்தது. அதில் நீர் 40 செ.மீ. உயரம் நிற்கும். அடியில் பரப்புவதற்கு மாமல்லபுரத்துக் கடற்கரையிலிருந்து ஒரு பை மணல் கொணர்ந்தவன் நான்தான். (நன்னீர் மீன்களுக்குக் கடல் மணல் ஏற்றதன்று. அதிலுள்ள கிளிஞ்சல் துகள்கள் கரைந்து நீரைக் கடின நீராக்கும். அதையும் அப்போது நான் எண்ணிப் பார்க்கவில்லை.) வாரந்தோறும் அம்மாணவன் கண்ணாடியில் படியும் பாசியைத் துடைப்பான். ஒரு நாள் உட்புறத்தில் அடிப்பாகத்தை ஒட்டிப் பல கீறல்களைக் கண்டேன். ஆணியால் சுரண்டியிருக்கிறான் என்று முடிவு கட்டிவிட்டேன். “ஐயா, பஞ்சினால்தான் துடைத்தேன்” என்று அவன் சொன்னதை நான் செவியில் வாங்கவில்லை.

அன்று மாலை, ஐயம் தீர்வதற்காக ஓர் உடைந்த கண்ணாடித் துண்டை எடுத்துச் சாதாரண இரும்பு ஆணியால் கீறிப் பார்த்தேன். ஆணி வழுக்கிச் சென்றதேயன்றிக் கீறல் விழவில்லை. பின்னர் ஈரப் பஞ்சில் ஒரு சிட்டிகை மணலை ஒட்டித் தேய்த்தேன். தொட்டியிற் கண்ட அதே கீறல்கள் விழுந்தன! 1812இல் மோஸ் என்னும் ஜெர்மானியர் வகுத்த கடினத்தன்மை அளவில் சன்னல் கண்ணாடி ஏறத்தாழ 5.5, ஆணி இரும்பு அதற்குக் கீழே, மணலிலுள்ள குவார்ட்ஸோ 7. மென்மையான பஞ்சில் சிக்கிய ஒரு மணல் துகளே போதும். மறுநாள் அதே வகுப்பில் நின்று அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அதன்பின் கீறல்களை என்ன செய்வது என்று அவனும் நானும் சேர்ந்தே ஆராயத் தொடங்கினோம்.

முதலில் ஒரு செய்தி. கீறலைக் கண்ணுக்குக் காட்டுவது ஒளிவிலகல். கண்ணாடியின் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 1.52, காற்றினுடையது 1, நீரினுடையது 1.33. உட்புறக் கீறலை நீர் நிரப்பிவிடுவதால் வேறுபாடு குறைந்து கீறல் மங்கித் தோன்றும். வெளிப்புறக் கீறலில் காற்று நிற்பதால் அது பளிச்சென்று தெரியும். வெளிப்புறக் கீறலின்மீது ஈர விரலைத் தடவிப் பாருங்கள். சற்றே மறையும், உலர்ந்ததும் மீண்டும் தோன்றும். ஆகவே உட்புறத்து மெல்லிய கீறல்களைத் தொடாமல் விட்டுவிடுவதே அறிவுடைமை. நாங்களும் விட்டுவிட்டோம்.

மேசையை நகர்த்தியபோது வெளிப்புறத்தில் ஏற்பட்ட மெல்லிய கீறல் ஒன்றும் இருந்தது. பற்பசையால் தேய்க்கலாம் என்று சிலர் கூறினர். சுண்ணாம்புக்கல் தூளின் கடினத்தன்மை 3தான். அது கீறலிலுள்ள அழுக்கை அகற்றுமேயன்றிக் கண்ணாடியைத் தேய்க்காது. வழி சொன்னவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒருவர். சீரியம் ஆக்சைடு என்னும் வெளிர்நிறத் தூளை ஒரு பொட்டலத்தில் மடித்துத் தந்தார்.

இத்தூள் நமக்கு அயலானதன்று. சீரியம் 1803இல் கண்டறியப்பட்ட தனிமம். அதற்கு ஈராண்டு முன்னர்க் காணப்பட்ட சீரிஸ் என்னும் சிறு கோளின் பெயரையே அதற்கும் இட்டனர். அது செறிந்துள்ள கனிமங்களுள் ஒன்றாகிய மோனசைட், கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடைக்கிறது. ஒரு கடற்கரை மணல் கீறிய தொட்டிக்கு மற்றொரு கடற்கரை மணலில் மருந்து இருந்தது கண்டு என் மாணவன் சிரித்தான்.

மாமல்லபுரத்துச் சிற்பிகள் கல்லை முதலில் பருந்தூளாலும் பின்பு நுண்தூளாலும் தேய்த்து மெருகேற்றுவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். கண்ணாடி மெருகிலோ, தேய்ப்புடன் ரசாயன வினையும் சேர்கிறது. நீரின் முன்னிலையில் சீரியம் ஆக்சைடு, கண்ணாடியின் சிலிக்காவைப் பற்றிச் சிறிது சிறிதாக அகற்றுகிறது. எனவே ஈரம் உலரவே கூடாது. உலர்ந்தால் சூடேறிக் கண்ணாடி விரிசல் விடவும் கூடும்.

மீன்களை அவற்றின் பழைய நீரோடு வாளிக்கு மாற்றித் தொட்டியைக் காலி செய்தோம். கீறலின் இடத்தை மறுபுறத்தில் மெழுகினால் குறித்தோம். தூளை மோர்ப் பதத்திற்கு நீரில் கலந்து, கம்பளித் துண்டில் தோய்த்து, கீறலைச் சுற்றி அகலமாக வட்டமிட்டுத் தேய்த்தோம். கீறலின்மேல் மட்டும் தேய்த்தால் பள்ளம் விழுந்து, அவ்விடம் வில்லைபோல் மீனின் உருவத்தைக் கோணலாக்கும். மூலைகளிலுள்ள பசையைத் தொடவில்லை. நான்கு மாலை வேளைகள் கை வலிக்கத் தேய்த்த பின்னரே கீறல் மறைந்தது. எஞ்சிய தூள் முழுவதும் நீங்கும்வரை தொட்டியைப் பன்முறை கழுவினோம்.

உட்புறக் கீறல்களுள் ஒன்று மட்டும் வேறுவகை. நகத்தை அதன் குறுக்கே இழுத்தால் நகம் சிக்கிற்று. இத்தகைய கீறலை மெருகேற்ற முயலவே கூடாது. கண்ணாடி வெட்டுபவர் என்ன செய்கிறார்? வைரமுனையால் ஒரு கோடு கீறி, மெல்ல அழுத்துகிறார். கோட்டின் வழியே கண்ணாடி பிளக்கிறது. நுண்ணிய பிளவின் நுனியில் விசை குவிவதே கண்ணாடியின் நலிவுக்குக் காரணம் என்று 1921இல் கிரிஃபித் என்னும் ஆங்கிலேயப் பொறியியலார் விளக்கினார். இனி எங்கள் தொட்டியைக் கணக்கிடுங்கள். நீரின் எடை 162 கிலோகிராம். முன்பக்கக் கண்ணாடியில் சராசரி அழுத்தம் சதுர செ.மீ.க்கு 20 கிராம். நீர் தொடும் பரப்பு 3600 சதுர செ.மீ. ஆகவே 72 கிலோகிராம் எடைக்குச் சமமான விசை இரவும் பகலும் அதனை வெளியே தள்ளுகிறது. அழுத்தம் மிகுந்த அடிப்பாகத்தில்தான் அக்கீறலும் இருந்தது. அத்தொட்டியின் முன்னர்த்தான் சிறுவர்கள் மூக்கை ஒட்டி நின்று மீன் பார்ப்பார்கள்.

அக்கண்ணாடியை மாற்றிவிட்டோம். கழற்றியெடுத்த பழையதைத் துண்டுகளாக வெட்டி, விளிம்புகளை மழுக்கி, கடினத்தன்மைப் பாடத்திற்கென ஒரு பெட்டியில் வைத்தோம். பெட்டியின்மேல் ‘ஆணியும் மணலும்’ என்று எழுதியவன் அந்த மாணவனே.