காருக்கும் பொருத்தம் பார்க்க வேண்டும்

மன்னார் நகருக்கும் பேசாலைக்கும் இடையே, கடலை அடுத்து அமைந்த ஊர் ஓலைத்தொடுவாய். கடல்நீர் நிலத்தினுள்ளே புகுந்து மீளும் வாயினையே நம் கரையோர மக்கள் தொடுவாய் என்பர். சோளகமும் வாடையும் மாறி மாறி வீசும் இத்தீவிலே காற்றோடு உப்பும் கலந்தே வருகின்றது. அதனால் இங்கே இரும்புக்கு ஆயுள் குறைவு, செம்புக்கும் அப்படியே.

தந்தையார் காலத்துக் கார் ஒன்றைப் பேணிவர விரும்புவோர் இவ்வுண்மையை விரைவிலே கண்டுகொள்வர். வெளித்தகட்டில் ஏறும் துருவைக் கண்ணாற் கண்டு களையலாம். ஆனால், மின்சாரத்தைப் பிறப்பிக்கும் உறுப்பினுள்ளே படரும் களிம்பு அத்தகையதன்று. ஓர் இரவிலே விளக்குகள் மங்கி, வழி நடுவிலே வண்டி நின்ற பின்னரே அது தன்னை வெளிப்படுத்தும். மறுநாட் காலையிலே சொந்தக்காரர் உதிரிப்பாகக் கடையிலே கேட்கும் கேள்வி ஒன்றே: "இந்தக் காருக்குப் பொருந்தும் அல்டனேற்றர் இருக்கிறதா?"

கேள்வி சிறிது, ஆயினும் அதிலுள்ள "பொருந்தும்" என்ற சொல் பெரிது. திருமணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கும் நாம், காருக்கு அல்டனேற்றர் வாங்கும்போது ஆணித்துளை ஒத்து வருகின்றதா என்னும் ஒரு பொருத்தத்தோடு அமைந்துவிடுகின்றோம். அதன் விளைவு சில வேளைகளிலே எரிந்துபோன கம்பியும், அதனினும் கொடிதாய், எரிந்துபோன காரும் ஆகும்.

டைனமோவும் அல்டனேற்றரும்

காந்தப் புலத்திலே கம்பிச்சுருள் அசையுமாயின் அதில் மின்சாரம் பிறக்கும் என்பதை மைக்கேல் பரடே 1831ஆம் ஆண்டிலே கண்டறிந்தார். மன்னார்த் தீவின் தென்கரையிலே 2020 டிசம்பரிலே இயங்கத் தொடங்கிய தம்பபவனி நிலையத்தின் 30 காற்றாலைகளும் இந்த விதிக்கே கட்டுப்பட்டுச் சுழல்கின்றன. காரின் முன்பக்கத்திலே பட்டியொன்றினாற் சுழலும் சிறு பொறியும் அவ்விதிக்கே கட்டுப்பட்டது.

இவ்வாறு பிறக்கும் மின்சாரம் இயல்பாகவே திசை மாறி மாறி ஓடுவது. இதனை ஆடலோட்டம் என்பர். ஆனால் பற்றரியை ஏற்றுதற்கு ஒரே திசையில் ஓடும் நேரோட்டம் வேண்டும். பழைய கார்களின் டைனமோவிலே திசைமாற்றி என்னும் செப்பு வளையமும், அதன்மேல் உராயும் காபன் தூரிகைகளும் இம்மாற்றத்தைச் செய்தன. அல்டனேற்றரிலே சிலிக்கன் இருவாயிகள் அதனை ஓசையின்றிச் செய்கின்றன. இவ்விருவாயிகள் மலிவாகக் கிடைக்கத் தொடங்கிய பின்னரே அல்டனேற்றர் சாதாரணக் கார்களில் இடம்பெற்றது. 1960ஆம் ஆண்டு மாதிரியாக அமெரிக்காவிலே வெளிவந்த வேலியன்ற் கார் இதற்கு வழிகாட்டியது.

டைனமோவின் பெருங்குறை யாதெனில், இயந்திரம் மெல்ல ஓடும்போது அது பற்றரிக்கு ஏதும் கொடுப்பதில்லை. இரவிலே விளக்கை எரியவிட்டு நெரிசலில் நின்றால் பற்றரி வற்றிக்கொண்டே போகும். அல்டனேற்றரோ நின்ற நிலையிலும் ஓரளவு ஈட்டிக் கொடுக்கும்.

நாம் சைக்கிள் டைனமோ என அழைப்பது உண்மையிலே டைனமோ அன்று. அது காந்தம் சுழலும் சிறியதோர் அல்டனேற்றரே. 1990 முதலாகப் பல ஆண்டுகள் யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் வன்னியிலும் பொருளாதாரத் தடை நிலவியபோது, மின்சாரமும் இல்லை, பற்றரியும் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் மிதியைக் கையாற் சுழற்ற, அந்த மின்சாரத்தில் இயங்கிய வானொலியைச் சூழ்ந்திருந்து செய்தி கேட்ட குடும்பங்கள் எத்தனை! மாணவர் இதனை இன்றும் பரிசோதிக்கலாம். ஒளிகாலும் இருவாயிகள் இரண்டினை ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் இணைத்து, 1000 ஓம் தடையொன்றினூடாகச் சைக்கிள் டைனமோவோடு தொடுத்து, சில்லை மெல்லச் சுழற்றுக. இரண்டும் மாறி மாறி மின்னும். ஆடலோட்டம் என்பது யாது என்பதை அதைவிடத் தெளிவாக எந்நூலும் விளக்காது.

மைனரும் ஸ்பிறைற்றும் உறவினர்

விளையாட்டுக் கார் என்றவுடன் அது செல்வர் வீட்டுப் பொருள், நமக்கு அதனோடு என்ன தொடர்பு என்று எண்ணுவோர் உளர். தொடர்பு உண்டு. பிரித்தானிய ஒஸ்ரின் நிறுவனம் 1951இலே சிறிய காரொன்றுக்காக ஆக்கிய இயந்திரமே 1952 முதலாக மொறிஸ் மைனரிலும் பொருத்தப்பட்டது. அதே குடும்பத்து 948 கன சென்ரிமீற்றர் இயந்திரத்தோடு 1958 மே மாதத்திலே ஒஸ்ரின் ஹீலி ஸ்பிறைற் என்னும் இருவர் அமரும் விளையாட்டுக் கார் அறிமுகமாயிற்று. மூடியின்மேல் எழுந்து நிற்கும் விளக்குகளால் அது தவளைக்கண் என்னும் பட்டப்பெயர் பெற்றது. 1961 வரையிலே ஏறத்தாழ 49,000 கார்கள் அவ்வாறு ஆக்கப்பட்டன.

ஆதலின், மைனரின் நோய் அறிந்த கைக்கு ஸ்பிறைற்றின் நோயும் தெரியும். இரண்டுக்கும் பேர்மிங்ஹாமின் லூக்காஸ் டைனமோவே உரியது. அதன் ஒரு வகை 19 அம்பியரும், பின்வந்த வகை 22 அம்பியரும் தரவல்லன. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. தவளைக்கண் ஸ்பிறைற்றிலே, இயந்திரத்தின் சுழற்சி வேகத்தைக் காட்டும் மானியை இயக்கும் கம்பிவடம் டைனமோவின் பின்புறத்திலிருந்தே புறப்படுகின்றது. டைனமோவைக் கழற்றி எறிந்தால் அந்த மானியும் செயலிழக்கும். எம்.ஜி. நிறுவனத்தின் 1950களின் ரி.டி. காரிலும் இதே சிக்கல் உண்டு. விளையாட்டுக் காருக்கு மாற்று அல்டனேற்றர் தேடுவோர் முதலிலே இதனைக் கவனித்தல் வேண்டும்.

ஐந்து பொருத்தங்கள்

முதலாவது, இடப் பொருத்தம். டைனமோ நீண்டு மெலிந்தது. அல்டனேற்றர் குறுகிப் பருத்தது. முன்துளை ஒத்து வந்தாலும் பின்துளை எட்டாது. அவ்விடைவெளியை உருக்குக் குழாய்த் துண்டினால் நிரப்புதல் வேண்டும். மெல்லிய தகட்டை மடித்து வைத்தால் அதிர்வினாலே தாங்கி வெடிக்கும். மூடியை அடைத்த பின்னரும் உடல் எங்கும் முட்டாதிருத்தல் வேண்டும்.

இரண்டாவது, பட்டிப் பொருத்தம். இயந்திரத்தின் கப்பி, நீர்ப்பம்பியின் கப்பி, அல்டனேற்றரின் கப்பி ஆகிய மூன்றும் ஒரே நேர்கோட்டில் நிற்றல் வேண்டும். நேரான இரும்புச் சட்டம் ஒன்றை வைத்தே இதனை அறியலாம். பிற்கால அல்டனேற்றர்களின் கப்பி பல வரிகள் கொண்ட தட்டைப் பட்டிக்கு உரியது. பழைய காரின் பட்டியோ ஆப்பு வடிவினது. ஆதலாற் கப்பியை மாற்றுதல் அவசியம். பட்டியை அளவுக்கு மீறி இறுக்கினால் நீர்ப்பம்பியின் தாங்கிக்கே கேடு.

மூன்றாவது, முனைப் பொருத்தம். இதுவே உயிர்ப் பொருத்தம். அக்காலப் பிரித்தானியக் கார்கள் பலவற்றிலே பற்றரியின் நேர்முனை காரின் உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. இன்று கடைகளிற் கிடைக்கும் அல்டனேற்றர்களுக்கோ மறைமுனையே உடலோடு இணைதல் வேண்டும். இதனைப் பாராது இணைத்தால் இருவாயிகள் கண்ணிமைக்கும் பொழுதில் எரிந்துவிடும். முனையை மாற்றும்போது எரிபற்றுச் சுருளின் கம்பிகளையும் மாற்றிவிடுதல் வேண்டும். பழைய வானொலி இருப்பின் அதனைக் கழற்றி வைப்பது நன்று. நிரந்தரக் காந்தம் உள்ள சிறு மோட்டார்கள் மறுதிசையிற் சுழலும் என்பதையும் நினைவிற் கொள்க.

நான்காவது, வலுப் பொருத்தம். பெரிது வாங்கினால் நன்று என்று எண்ணுதல் தவறு. முன்விளக்கு, பின்விளக்கு, எரிபற்று, மழைத்துடைப்பான் யாவும் இயங்கினாலும் இத்தகைய சிறு காருக்கு 15 அம்பியர் அளவே செலவாகும். 40 அம்பியர் அல்டனேற்றர் தாராளமாகப் போதும். 22 அம்பியருக்கென இழுத்த பழைய கம்பியினூடாக அதனிலும் மிகுந்த மின்சாரம் பாயுமாயின் கம்பி சூடேறும். அறுபது ஆண்டு கண்ட துணியுறையும் இறப்பர் உறையும் தீப்பற்றும். ஆகவே அல்டனேற்றரிலிருந்து பற்றரி வரை புதிய தடித்த கம்பி இழுத்தல் வேண்டும். யானையை வாங்கியவர் அங்குசத்துக்கு வழக்காடலாகாது.

ஐந்தாவது, விளக்குப் பொருத்தம். முகப்பிலே எரியும் சிறு சிவப்பு விளக்கு வெறும் எச்சரிக்கை விளக்கன்று. சாவியைத் திருப்பியவுடன் அதனூடாக ஓடும் சிறு மின்சாரமே அல்டனேற்றரின் காந்தத்தை எழுப்புவது. அம்மின்குமிழ் எரிந்துபோயிருந்தால் புத்தம்புதிய அல்டனேற்றரும் உறங்கியே கிடக்கும். சில ரூபாய்க் குமிழினால் வந்த குறையை அறியாது நல்ல அல்டனேற்றரைக் குறைகூறித் திருப்பிக் கொடுப்போர் உண்டு.

ஐந்தும் ஒத்தபின், பற்றரியின் இரு முனைகளிலும் உவோற்றுமானியை வைத்துப் பார்க்க. ஓய்வு நிலையில் 12.6 உவோற்றளவு காட்டுவது, இயந்திரம் ஓடும்போது 13.5க்கும் 14.5க்கும் இடையில் நிற்குமாயின் பொருத்தம் உத்தமம். இயந்திரம் ஓடும்போது பற்றரியின் கம்பியைக் கழற்றிப் பார்க்கும் டைனமோக் காலத்து வழக்கத்தை அன்றோடு கைவிடுக. அது அல்டனேற்றரைக் கொன்றுவிடும்.

எங்கே தேடுவது?

வழிகள் மூன்று உள. பழைய டைனமோவையே பிரித்து, சுருளைப் புதிதாகச் சுற்றி, தூரிகையும் தாங்கியும் மாற்றுவது முதலாவது வழி. இரவிலே அதிகம் ஓடாத காருக்கு இதுவே சாலச் சிறந்தது. கொழும்பு பஞ்சிகாவத்தையிலும் ஏனைய நகரங்களிலும் கிடைக்கும் சிறு ஜப்பானியக் காரின் அல்டனேற்றரை அளந்து பார்த்துப் பொருத்துவது இரண்டாவது வழி. செலவு குறைவு, கைவேலை அதிகம். டைனமோவின் தோற்றத்திலேயே, உள்ளே அல்டனேற்றராக, பிரித்தானியாவில் இன்று செய்யப்படுவதை வருவிப்பது மூன்றாவது வழி. வேகமானியின் வடத்துக்கு இடம் வைத்தும் அவை கிடைக்கின்றன. விலை அதிகமாயினும் தவளைக்கண் வைத்திருப்போருக்குச் சிக்கலற்ற வழி இதுவே.

எவ்வழியைக் கொண்டாலும், கழற்றிய டைனமோவை இரும்புக் கடைக்கு எடைபோட்டு விற்றல் வேண்டா. எண்ணெய் பூசி, துணியிற் சுற்றி, உப்புக்காற்று அணுகாத பெட்டியிலே வைத்துவிடுக. பின்னொரு நாள் காரை அதன் பழைய வடிவிலே காண விரும்பும் மகனுக்கோ பேர்த்திக்கோ அது வேண்டியிருக்கும். அவ்வாறே, துளையிட்டு மாற்ற வேண்டியவற்றைக் காரின் உடலிற் செய்யாது, தனித் தாங்குதகட்டிலே செய்வது அறிவுடைமை.

அறிவே உதிரிப்பாகம்

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் திறந்தது. அவ்வைந்து ஆண்டுகளிலே பழைய வாகனத்தின் அருமையை நாடு முழுவதும் உணர்ந்தது. வடபகுதி மக்களோ அதனை முன்னரே உணர்ந்தவர்கள். சில துளி பெற்றோலினால் இயந்திரத்தை எழுப்பி, பின்னர் மண்ணெண்ணெயில் ஒஸ்ரினையும் மைனரையும் ஓட்டியவர்கள் அவர்கள். அன்று கடைகளிலே உதிரிப்பாகம் இருக்கவில்லை. கைகளிலே அறிவு இருந்தது. எந்த உறுப்பு எதனைச் செய்கின்றது என்று அறிந்தமையால், ஒன்றின் இடத்திலே மற்றொன்றை வைக்க அவர்களால் இயன்றது.

அக்கைகள் இன்று முதுமை அடைந்துவருகின்றன. அவர்களது நுட்பம் எழுத்தில் இல்லை, விரல்களில் இருக்கின்றது. அயலிலே அத்தகைய பெரியவர் ஒருவர் இருப்பின், மாணவர்கள் விடுமுறை நாளிலே அவரது பட்டறை வாயிலிற் சற்று நின்று பார்க்கட்டும். பாடநூலிலே பரடேயின் விதியை மனனம் செய்தவன், அங்கே அவ்விதி எண்ணெய்க் கறையோடு சுழல்வதைக் காண்பான். "இது பொருந்துமா, ஐயா?" என்று கேட்கவும் கற்றுக்கொள்வான்.