விரலடக்கம்

வில்லுக்கு விசயன் என்பது நம்மவர் வழக்கு. மரத்திலிருந்த பறவையின் கண்ணையன்றி வேறெதனையும் காணாத அருச்சுனனின் கதையை அறியாத பிள்ளை நம் வீடுகளில் இல்லை. ஆயினும் அக்கதை கண்ணின் ஒருமையைச் சொல்லிற்றேயன்றி, நாணை விடுத்த விரலின் அடக்கத்தைச் சொல்லவில்லை. குறி பார்ப்பது கண்ணின் தொழில். பார்த்த குறியைக் காப்பது விரலின் தொழில். துவக்கால் இலக்கெய்யும் இன்றைய விளையாட்டு இவ்வுண்மையை நன்கு விளக்குகின்றது.

வற்றாப்பளையில், நந்திக்கடலின் அருகே வாழும் எமக்குத் துவக்கு என்னும் சொல்லே கசப்பானது. 2009ஆம் ஆண்டில் இக்கரையில் முடிந்த போரின் புண் இன்னும் ஆறவில்லை. அவ்வாறிருக்க இதனை எழுதுவானேன் என வாசகர் வினவலாம். விசையை இழுப்பதற்கும் அதனை ஆள்வதற்கும் இடையேயுள்ள வேறுபாட்டை எம் பிள்ளைகள் அறிதல் வேண்டும் என்பதே விடை.

ஒலிம்பிக் போட்டியில் 10 மீற்றர் காற்றுத் துவக்குப் பிரிவு ஒன்றுண்டு. அதன் இலக்கின் நடுவேயுள்ள பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவு 0.5 மில்லிமீற்றர், ஏறத்தாழ அச்சிட்ட ஒரு முற்றுப்புள்ளி. அதனைச் சூழ்ந்த வட்டங்கள் 2.5 மில்லிமீற்றர் இடைவெளியில் அமைந்துள்ளன. ஒரு மீற்றர் நீளமான துவக்கின் அடி அசையாதிருக்க, முனை மட்டும் 1 மில்லிமீற்றர் விலகிற்று எனக் கொள்வோம். 10 மீற்றருக்கு அப்பால் குண்டு 10 மில்லிமீற்றர் விலகி விழும். நான்கு வட்டங்கள் கைவிட்டுப் போயின!

அந்த 1 மில்லிமீற்றர் அசைவு பெரும்பாலும் எங்கிருந்து வருகின்றது? விரலிலிருந்தே. குறி நேராகத் தோன்றிய கணத்தில், "இப்பொழுதே!" என்று மனம் அவசரப்படுகின்றது. விரல் வெடுக்கென இழுக்கின்றது; மணிக்கட்டு இறுகுகின்றது; வெடியை எதிர்பார்த்துக் கண் இமைக்கின்றது. குண்டு புறப்படுமுன்னரே குறி கலைந்துவிடுகின்றது.

இதற்குப் பயிற்சியாளர் கூறும் முறை எளியது; பழகுவதோ அரியது. சுட்டுவிரலின் முதற்கணுவின் மெத்தென்ற பகுதி மட்டும் விசையைத் தொடவேண்டும். மற்றை விரல்கள் பிடித்தது பிடித்தபடி இருக்க, மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, விசையை நேர் பின்னாகச் சிறிது சிறிதாக அழுத்தவேண்டும். எக்கணத்தில் வெடிக்கும் என்பது எய்பவனுக்கே வியப்பாதல் நன்று. வெடித்த பின்னரும் ஓரிரு கணம் அசையாது குறியிலேயே நிற்றல் வேண்டும். வெறுந்துவக்கின் குழல்மீது நாணயமொன்றை வைத்து, அது விழாமல் விசையை அழுத்திப் பழகுவதும் உண்டு. மாணவர் இதனை அடிமட்டம் ஒன்றைக் கொண்டே சோதித்துப் பார்க்கலாம். அதனை நீட்டிப் பிடித்து, நுனியில் நாணயத்தை வைத்து, சுட்டுவிரலை மட்டும் மடக்குக. நாணயம் நடுங்குவதைக் காண்பீர்கள்.

தமிழ்நாட்டுக் கடலூரில் 1999ஆம் ஆண்டில் பிறந்து குசராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் இக்கலையில் வல்லவர். 2019ஆம் ஆண்டில் இரியோவில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில் தங்கம் வென்றவர். 2024ஆம் ஆண்டுப் பாரிசு ஒலிம்பிக்கில் 60 குண்டுகளில் 630.7 புள்ளி பெற்று 10ஆம் இடத்தில் நின்றார். இறுதிச் சுற்றுக்கு எண்மரே செல்லலாம். அவர் நாட்டினரான ரமிதா 631.5 புள்ளியுடன் 5ஆம் இடம் பெற்று உள்ளே சென்றார். வேறுபாடு 0.8 புள்ளி. பத்திலொரு புள்ளிக்கு 0.25 மில்லிமீற்றராக, 60 குண்டுகளுக்கும் சேர்த்து இருவருக்கும் இடைப்பட்ட தூரம் 2 மில்லிமீற்றரே!

விரலைப் புதிதாகப் பழக்கியவர் ஒருவரும் உண்டு. அங்கேரி நாட்டுக் கரோலி தக்காச் என்பாரின் வலக்கை 1938ஆம் ஆண்டில் கைக்குண்டு வெடித்துச் சிதைந்தது. கண் பழைய கண்ணே. இடக்கை விரலோ ஒன்றுமறியாதது. அதனைப் பயிற்றி, 1948இல் இலண்டனிலும் 1952இல் எல்சிங்கியிலும் விரைவுக் கைத்துப்பாக்கிப் போட்டியில் ஒலிம்பிக் தங்கம் வென்றார்.

இவ்விளையாட்டின் மேலான பாடம் எய்வதன்று, எய்யாதிருப்பதாகும். 60 குண்டுகளுக்கு 75 நிமிடம் உண்டு. மனம் ஒருமைப்படாவிடின் துவக்கைத் தாழ்த்தி, மூச்சு வாங்கி, மீண்டும் தொடங்குபவரே தேர்ந்தவர். குறி அமையும்வரை விரல் விசையிற் படலாகாது என்பது அவர்களது முதல் விதி.

இதற்கு நேர்மாறானது எமது வன்னிக் காட்டோரங்களில் உண்டு. பன்றிக்கென மறைத்துக் கட்டும் கட்டுத்துவக்கைத்தான் சொல்கின்றேன். அதன் விசையில் விரல் இல்லை. ஒரு கயிறே உண்டு. வருவது பன்றியா, விறகுக்குச் சென்ற தாயா, மாடு தேடிச் சென்ற சிறுவனா என்று கயிறு கேளாது. பயிர் காக்கும் உழவனின் துன்பம் பெரிது. ஆயினும் தாழ்த்த முடியாத துவக்கை வழியிற் கட்டிவிட்டு உறங்கச் செல்வது அறமாகாது.

வற்றாப்பளையிலே கோயில் கொண்டவள் கண்ணகை அம்மன். ஆராயாது அரசன் உரைத்த ஒரு சொல்லாற் கணவனை இழந்தவள் அவள். அச்சொல்லை மீட்க அரசனால் இயலவில்லை. விட்ட சொல்லும் விட்ட குண்டும் மீளா. ஆதலின், விடுமுன் ஒரு கணம் நிற்கக் கற்ற விரலே வீட்டுக்கும் நாட்டுக்கும் வேண்டுவது.