தலைவலி சாக்குப்போக்கா?



தேர்வு நெருங்கும் வேளையில் மகனோ மகளோ "தலை வலிக்கிறது" என்றால், படிப்பிலிருந்து தப்பிக்கும் சாக்கு என்றே நாம் எண்ணிவிடுகிறோம். குர்ஆனை மனனம் செய்யும் மாணவர் ஒருவரை நானும் அவ்வாறு கடிந்துகொண்டதுண்டு. சுபுஹுத் தொழுகைக்குப் பின் வெறும் வயிற்றுடன், கவிழ்ந்த தலை நிமிராமல், இரண்டு மணி நேரமாக அவர் ஓதிக்கொண்டிருந்ததைப் பின்னரே கவனித்தேன். அவர் கூறியது பொய்யன்று. என் கவனிப்பில்தான் குறை இருந்தது.

நெற்றியைச் சுற்றித் துணிப்பட்டையால் இறுக்கியது போன்று இருபுறமும் அழுத்தும் இவ்வலி, 'டென்ஷன்' தலைவலி என வழங்கப்படுகிறது. குனிந்தே படிப்பதால் கழுத்து, தோள் தசைகள் விறைத்துப்போதல், மனக்கவலை, உறக்கக் குறைவு, பசி, போதிய நீர் அருந்தாமை ஆகியவை இதனைத் தூண்டுகின்றன.

எளிய பயிற்சிகள்

அரைமணிக்கு ஒருமுறை புத்தகத்தை மூடிவைத்து எழச் செய்யுங்கள். தோள்களைக் காதளவு உயர்த்தி, 5 விநாடி நிறுத்தித் தளர்த்த வேண்டும். பின்னர் தலையை வலத்தோள் பக்கம் மெதுவாகச் சாய்த்து, 15 விநாடி நிறுத்த வேண்டும், இடப்பக்கமும் அவ்வாறே. ஒவ்வொன்றையும் சில முறை செய்தால் போதும். கழுத்தை வேகமாகச் சுழற்றலாகாது.

அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் 1929ஆம் ஆண்டு நூலாக வெளியிட்ட தளர்வு முறையும் பயன் தரக்கூடியது. இரவில் படுத்தபடி, பாதம் முதல் நெற்றி வரை ஒவ்வொரு பகுதித் தசையையும் சில விநாடி இறுக்கி, பின் முற்றிலும் தளரவிட வேண்டும். வயிறு உயரும்படி மெல்ல மூச்சிழுத்து, அதனினும் மெல்ல வெளிவிட வேண்டும். நாள்தோறும் பழகினால், தசை இறுகும்போதே அதனை உணர்ந்து தளர்த்தும் ஆற்றல் கைவரும்.

எச்சரிக்கை

அடிக்கடி வலி மாத்திரை கொடுக்காதீர்கள். அளவு மிஞ்சினால் மாத்திரையே தலைவலியை வரவழைக்கும். காய்ச்சலுடன் கழுத்து விறைத்தாலும், காலையில் வாந்தி எடுத்தாலும், பார்வை மங்கினாலும், தலையில் அடிபட்ட பின் வலித்தாலும், திடீரெனக் கடும்வலி தாக்கினாலும் தாமதியாது மருத்துவரை நாடுங்கள்.

பகலெல்லாம் நோன்பு நோற்று, இரவெல்லாம் நின்று வணங்கிய அப்துல்லாஹ் பின் அம்ரு (ரலி) அவர்களுக்கு, உடலுக்கும் கண்ணுக்கும் உள்ள உரிமையை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் உணர்த்தினார்கள். வணக்கத்திற்கே அளவு வகுத்த மார்க்கம், படிப்பின் பெயரால் பிள்ளையின் உடலை வருத்த இடம் தருமா?

இனி உங்கள் பிள்ளை தலையைப் பிடித்துக்கொண்டு வந்தால், அதட்டுவதற்கு முன் ஒரு குவளை நீர் கொடுங்கள். உண்டாயா, உறங்கினாயா என்று கேளுங்கள். பாதி வலி அங்கேயே தணிந்துவிடும், இன்ஷா அல்லாஹ்!